மலையுச்சியில் ஒரு காது

ஆஷ்வில் நகரத்துக்காரர்கள் சூறாவளிக்குப் பயந்து வாழ்பவர்கள் கிடையாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மேற்கே மலைகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் ஊர் அது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் காரில் 400 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கடலோரத்துக்காரர்கள்தான் புயலுக்குத் தப்பி அந்த மலைகளுக்கு வருவார்கள். 2024 செப்டம்பர் 26 இரவு ஃப்ளோரிடாவில் கரை கடந்த ஹெலீன் சூறாவளி அந்த வழக்கத்தை மாற்றியது. மறுநாள் காலைக்குள் அது வடக்கே ஓடிவந்து, அந்த மலைகளில் முட்டி, சுமந்து வந்த தண்ணீரையெல்லாம் இறக்கியது. பியூசிக் என்ற இடத்தில் சில நாட்களில் பெய்த மழை ஏறக்குறைய 780 மில்லிமீட்டர். சென்னைக்கு ஓராண்டு முழுக்கக் கிடைப்பதில் பாதிக்கும் மேல்.

ஸ்வனனோவா ஆறும் ஃப்ரெஞ்ச் பிராட் ஆறும் ஊருக்குள் புகுந்தன. நெடுஞ்சாலையில் ஒரு பகுதி பிஜியன் ஆற்றுக்குள் சரிந்தது. மின்சாரம் போனது. குழாயில் நல்ல தண்ணீர் திரும்பி வர 53 நாட்கள் ஆயின. செல்போன் டவர்கள் பல நின்ற இடத்தில்தான் நின்றன. ஆனால் அவற்றை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் ஃபைபர் கேபிள்கள் சாலைகளோடும் பாலங்களோடும் அடித்துக்கொண்டு போயிருந்தன. கேபிள் அறுந்த டவர் வெறும் இரும்புக் கம்பம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று மகனுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் 145.190 மெகாஹெர்ட்ஸில் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

மிஸிஸிப்பி நதிக்குக் கிழக்கே உள்ள சிகரங்களில் மிக உயரமானது மவுன்ட் மிட்செல், 2,037 மீட்டர். அதன் மேலிருந்த ஓர் அமெச்சூர் ரேடியோ ரிப்பீட்டர் புயலையும் தாண்டி வேலை செய்தது. கையடக்க வாக்கி டாக்கியை மேலே தூக்கிப் பிடித்தபடி வீட்டு வாசலில் நின்றவர்களின் குரல் அதன் வழியாகப் பள்ளத்தாக்குகளைக் கடந்தது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தப் பாலம் இல்லை, யாருக்கு இன்சுலின் தீரப்போகிறது, எந்த வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று செய்திகள் வரிசையாக வந்தன. ஒருவர் நடுவராக உட்கார்ந்து, 'அடுத்து நீங்கள்' என்று முறை வைத்துப் பேசவிட்டார். ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் பேச்சில் அந்த நடுவருக்குப் பெயர் நெட் கன்ட்ரோல்.

ஒரு மலை, ஒரு பெட்டி, ஓர் ஆன்டெனா. இதை வைத்துக்கொண்டு ஒரு வட்டாரம் பேச முடிகிறது என்றால், பத்து மலைகளை ஒன்றோடொன்று கோத்தால் ஒரு மாநிலமே பேசலாமே என்று யாருக்கும் தோன்றும். ஹாம்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தோன்றிவிட்டது. கோத்தும் விட்டார்கள். ஆனால் எந்தக் கயிற்றால் கோப்பது, எப்போது அவிழ்ப்பது என்ற இரண்டு கேள்விகள் இன்னும் அவர்களை விடவில்லை.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

145 மெகாஹெர்ட்ஸ் அலை சோம்பேறி அலை. ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவைத் தாண்டித் தலைநீட்டாது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அதன் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். தரையில் நிற்கும் ஆள் கையில் பிடித்த கருவி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறதென்றால் 5 கிலோமீட்டர். இரண்டு பேர் நின்றால், நடுவே ஒரு மேடுகூட இல்லாத பொட்டல்வெளியில், 10 கிலோமீட்டர். வீடும் மரமும் குன்றும் குறுக்கே வந்தால் இரண்டு கிலோமீட்டரே பெரிது. இதே கணக்கை 2,037 மீட்டருக்குப் போட்டால் 186 கிலோமீட்டர் வருகிறது. சுற்றிலும் மற்ற மலைகள் மறைப்பதால் நடைமுறையில் இவ்வளவு சீராகக் கிடைக்காது. ஆனாலும் 5 எங்கே, 186 எங்கே. தரையில் நிற்பவர் காட்டுவது ஐந்து வாட் சக்திதான். மலையுச்சியில் இருக்கும் காது அதைக் கேட்டு, அதே நொடியில் பெரிய தொண்டையில் திருப்பிச் சொல்லிவிடுகிறது.

அந்த 'அதே நொடியில்' என்பதில்தான் பொறியாளரின் தலைவலி. கேட்கும் அதிர்வெண்ணும் பேசும் அதிர்வெண்ணும் வேறு வேறு என்றாலும், இடைவெளி ரொம்பக் குறைவு. மவுன்ட் மிட்செல் ரிப்பீட்டர் பேசுவது 145.190இல், கேட்பது 144.590இல். நடுவே 0.6 மெகாஹெர்ட்ஸ்தான். நல்ல ஏற்பி ஒன்று கேட்டுப் புரிந்துகொள்ளும் மிகச் சன்னமான குரல் 0.2 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே இருக்கும் தொண்டையோ 50 வாட்டில் கத்துகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்குப் போட்டால் 600 கோடி கோடி மடங்குக்கும் மேல். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்பது இதைவிட எத்தனையோ சுலபம்.

இதற்கு ஹாம்கள் கண்ட வழி உலோகப் பாத்திரங்கள். வெள்ளி முலாம் பூசிய கம்பி நடுவே நிற்கும் உருளைகள். அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது சுமார் அரை மீட்டர் உயரம். நான்கோ ஆறோ வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் தனக்கென்று திருகி வைத்த அதிர்வெண்ணை மட்டும் உள்ளே விட்டு, மற்றதைத் தடுக்கும். முறைப்படி டூப்ளெக்சர் என்று பெயர். ஹாம்கள் கூப்பிடுவது 'கேன்' என்று. பார்த்தால் பால்காரர் வண்டியில் நிற்கும் கேன்கள்தான் நினைவுக்கு வரும். வெயிலிலும் பனியிலும் உலோகம் விரிந்து சுருங்க, அரைச் சுற்று திருகு நகர்ந்தாலும் காது மந்தமாகிவிடும். ரிப்பீட்டர் வைத்திருப்பவர்கள் அதன் வானொலிப் பெட்டியைவிட இந்தக் கேன்களைத்தான் குழந்தை போலப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அமெச்சூர்களில் இந்த வித்தைக்கு முன்னோடி என்று பலரும் சொல்வது ஆர்ட் ஜென்ட்ரியை. 1950களில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் அவர் வைத்த ரிப்பீட்டரின் அழைப்புக்குறி கே6எம்ஒய்கே. பிறகு போலீஸும் டாக்ஸி கம்பெனிகளும் கழித்துக் கட்டிய பழைய எஃப்.எம். கருவிகளை ஹாம்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கி, திருகித் திருத்தி, மலைக்கு மலை ஏற்றினார்கள். மலைக்கு ஒன்று ஆன பிறகு அவற்றை இணைக்கும் ஆசை வந்தது.

முதல் கயிறு வானொலியே. ஒரு ரிப்பீட்டர் கேட்டதைத் தன் ஊருக்குச் சொல்வதோடு, 420 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இன்னொரு சிறு கருவி வழியாக, கண்ணுக்கெட்டும் அடுத்த மலைக்கும் சொல்லும். அந்த மலை அதற்கடுத்ததற்கு. அமெரிக்காவின் மேற்கே இதற்குத் தோதான நிலம் உண்டு: பாலைவனம், நடுவே திடீரென்று எழும் சிகரம், மறுபடி பாலைவனம். கலிஃபோர்னியாவிலிருந்து அரிசோனா, நெவாடா என்று பரவிய காக்டஸ் இன்டர்டை இந்த முறையில் வளர்ந்தது. கான்டோர் கனெக்ஷன் 220 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதே வேலையைச் செய்தது. இவற்றில் ஒருவர் பேச, 1,000 கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் கையடக்கக் கருவியில் கேட்பார்; நடுவே தொலைபேசிக் கம்பெனிக்கோ இணைய நிறுவனத்துக்கோ எந்தப் பங்கும் இல்லை.

இந்த முறையின் பலம் அதுதான். பலவீனம், சங்கிலி. நடு மலையில் ஒரு பேட்டரி செத்தால் அந்தப் பக்கம் தனி, இந்தப் பக்கம் தனி. பனிக்காலத்தில் அந்த மலைக்கு ஏற வண்டி போகாது. பழுது பார்க்கப் போகிறவர்கள் சம்பளத்துக்குப் போகிறவர்களும் இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறில் ஸ்பேனரும் சாண்ட்விச்சுமாக மலையேறும் ஆர்வலர்கள். இப்படி ஒரு சங்கிலியைப் பல பத்தாண்டுகள் உயிரோடு வைத்திருப்பது பொறியியல் சாதனை என்பதைவிடப் பிடிவாதத்தின் சாதனை.

1997 நவம்பரில் கனடாவின் வான்கூவரில் டேவிட் கேமரூன் என்ற ஹாம், மலையேறாமலே ரிப்பீட்டர்களை இணைக்க முயன்றார். இணையத்தில் குரலை அனுப்ப அப்போதுதான் மென்பொருள்கள் வந்திருந்தன. வின்டோஸ் கணினிகளை வைத்து ஆரம்பித்தது அடிக்கடி உறைந்து நின்றதால், லினக்ஸுக்கு மாறி, தானே ஒரு முறையை எழுதினார். ஐ.ஆர்.எல்.பி. என்ற அந்த வலையில் ஒவ்வொரு ரிப்பீட்டருக்கும் நான்கிலக்க எண் உண்டு. கையில் இருக்கும் கருவியின் பொத்தான்களில் அந்த எண்ணை அழுத்தினால், வான்கூவர் ரிப்பீட்டரும் ஆஸ்திரேலிய ரிப்பீட்டரும் ஒன்றாகிவிடும். கணினியில் உட்கார்ந்து உள்ளே நுழைய இதில் வழியில்லை. வானொலியில் வந்தால்தான் கதவு திறக்கும். 2002இல் ஜொனாதன் டெய்லர் வெளியிட்ட எக்கோலிங்க் அந்தக் கதவையும் தளர்த்தியது. உரிமம் சரிபார்க்கப்பட்ட ஹாம் கணினியிலிருந்தே பேசலாம். பிறகு ஜிம் டிக்சன், அலுவலகங்களில் எக்ஸ்டென்ஷன் தொலைபேசிகளை நிர்வகிக்கும் ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளுக்குள் ரிப்பீட்டரை நுழைத்தார். ஆல்ஸ்டார் லிங்க் பிறந்தது. மேனேஜரின் அழைப்பை அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு மாற்றிவிடும் அதே மென்பொருள், ஒரு மலையின் குரலை இன்னொரு மலைக்கு மாற்றிவிட்டது. உள்ளங்கை அளவு ராஸ்ப்பெரி பை கணினி இதற்குப் போதும்.

மலையேறிகளின் சங்கிலிக்கு ஆண்டுக் கணக்கில் ஆன வேலை, இப்போது ஒரு பிற்பகலில் முடிகிறது. இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. அவசர காலத்துக்காக ரிப்பீட்டர்களை இணைத்திருக்கிறோம் என்று சொல்லும் குழு, அந்த இணைப்பை வீட்டு பிராட்பேண்டில் ஓட்டிக்கொண்டிருந்தால், செல்போன் எந்தக் கேபிளில் தொங்குகிறதோ அதே கேபிளில்தான் இதுவும் தொங்குகிறது. கேபிள் அறுந்த அன்று இரண்டும் சேர்ந்தே விழும்.

2018 அக்டோபர் 10 அன்று ஃப்ளோரிடாவின் மெக்சிகோ பீச்சில் கரையேறிய மைக்கேல் சூறாவளி இதற்குச் சரியான பாடம். அங்கே செல்போன் சேவை நாள்கணக்கில் படுத்துக் கிடந்ததை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் விசாரித்தது. புயலுக்குப் பிறகும் கேபிள்கள் அறுந்துகொண்டே இருந்தன என்று அதன் அறிக்கை சொன்னது. அறுத்தவர்கள் குப்பை அகற்ற வந்தவர்களும் மின்கம்பம் நட வந்தவர்களும். நல்லெண்ணத்தோடு வந்த பொக்லைன் தோண்டிய இடத்தில் கேபிள் இருந்தது. காலையில் ஒட்டிய கேபிள் மாலையில் மறுபடி அறுந்தது. புயலின் வேகத்தைக் கணக்கிட்டு இணைப்புக்குத் திட்டம் போடுகிறவர்கள், புயல் போன பிறகு வரும் பொக்லைனையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

அதே ஃப்ளோரிடாவில் மூன்றாவது கயிறு ஒன்றும் இருக்கிறது. இந்த எழுத்தாளரின் கணிப்பில் மூன்றிலும் சாமர்த்தியமானது அதுதான். மாநிலப் போக்குவரத்துத் துறை நெடுஞ்சாலை நெடுக கேமராக்களையும் அறிவிப்புப் பலகைகளையும் கண்காணிக்க, தனக்கென்று மைக்ரோவேவ் கோபுரங்களும் ஒரு தரவு வலையும் வைத்திருக்கிறது. பொது இணையத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. ஒரு மனிதக் குரலுக்குத் தேவையான இடம் அந்த வலையில் கடுகளவு. அதை ஹாம்களுக்குக் கொடுத்தார்கள். இப்படி 20க்கும் மேற்பட்ட யு.எச்.எஃப். ரிப்பீட்டர்களை ஒரே வலையாக்கியதுதான் சார்நெட். மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பேசினால் தெற்குக் கோடியில் கேட்கும். சாலை வழியே போனால் அது 1,000 கிலோமீட்டர் தாண்டும். இணையம் இருந்தால் அதையும் தொட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டாலும் வலை நிற்காது. நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் கோபுரத்துக்கு ஜெனரேட்டர் வைத்திருப்பது ஹாம்களுக்காக இல்லை. ஊர் காலி செய்யும்போது சாலையில் கார்கள் நகர்கின்றனவா என்று பார்க்க வேண்டும், அதற்காக. அந்த நிழலில் ஹாம்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

இணைய இணைப்பு உதவாக்கரை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மியாமியில் உள்ள தேசியச் சூறாவளி மையத்துக்குள்ளேயே ஒரு ஹாம் நிலையம் 1980 முதல் இயங்குகிறது. கரீபியன் தீவுகளில் புயல் நெருங்கும்போது, எக்கோலிங்க்கையும் ஐ.ஆர்.எல்.பி.யையும் ஒன்றாகப் பிணைத்த சூறாவளி வலை ஒன்று கூடும். வீட்டு மாடியில் காற்றுமானி வைத்திருப்பவர், பாரமானி வைத்திருப்பவர், 'வேகம் இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு இறங்கிவிட்டது' என்று அதில் சொல்ல, நேரே வானிலை அறிஞர்களின் மேசைக்கு அது போகிறது. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது; இவர்கள் கீழிருந்து சொல்கிறார்கள். புயல் தலைக்கு மேல் வரும்வரை அந்தத் தீவில் இணையம் இருக்கும். அதுவரை கிடைத்த ஒவ்வோர் அளவும் லாபம். வந்த பிறகு அதே தீவுக்காரர் நெடுந்தூரச் சிற்றலைக்கு மாறிக்கொள்வார்.

சிற்றலைக்கு ரிப்பீட்டரே வேண்டாம். வானத்தில் அயனி மண்டலம் அந்த வேலையை இலவசமாகச் செய்கிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. பல ஆண்டுகளாக ஒலிக்காத அந்தமான் அழைப்புக்குறியை உலகத்துக்குக் கேட்கச் செய்வதுதான் நோக்கம். டிசம்பர் 26 காலை நிலம் குலுங்கி, கடல் எழுந்தபோது, வேடிக்கைக்காக நட்ட ஆன்டெனாக்கள் தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் நடுவே செய்திப் பாலமாயின. அதே நாட்களில் இலங்கையில் விக்டர் குணதிலகவும் நண்பர்களும் அம்பாந்தோட்டைக்குக் கருவிகளைக் கொண்டுபோய், கொழும்பிலிருந்த பிரதமர் அலுவலகத்தோடு பேச வழி செய்தார்கள். அங்கே தொலைபேசி எதுவும் வேலை செய்யவில்லை. ஆனால் சிற்றலைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி விழும் அலை, நடுவே உள்ள ஊர்களைத் தலைக்கு மேலாகத் தாண்டிக்கொண்டு போய்விடும். நீள நீளமான கம்பி ஆன்டெனாவும் வேண்டும். மருந்துக்கடை வாசலில் நிற்கும் தொண்டர் கையில் அதைக் கொடுக்க முடியாது. ஒரு மாவட்டம், நாலு பள்ளத்தாக்கு, கையடக்கக் கருவி என்று வரும்போது மறுபடி மலையுச்சிக் காதுதான் வேண்டியிருக்கிறது.

இனி, அவிழ்க்கும் கதை. இணைத்துவிட்டு மகிழ்ந்தவர்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டது இது.

25 ரிப்பீட்டர்கள் தனித்தனியாக இருந்தால் 25 ஊர்களில் 25 உரையாடல்கள் ஒரே நேரத்தில் நடக்கும். எல்லாவற்றையும் இணைத்துவிட்டால் ஒன்றே ஒன்றுதான் நடக்கும். கிராமத்துக்கு ஒரு திண்ணை இருந்ததை எடுத்துவிட்டு, மாநிலத்துக்கே ஒரு திண்ணை போட்ட கதை. ஓர் ஊரில் முகாமுக்கு எத்தனை போர்வை வேண்டும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, 600 கிலோமீட்டர் தள்ளி, வெள்ளமே பார்க்காத ஊரில் ஒருவர் தன் புது ஆன்டெனாவைச் சோதித்துப் பார்க்க மைக்கை அழுத்துவார். இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால் இருவர் குரலுமே தெளிவாகக் கேட்காது. காரில் மைக் இருக்கையின் இடுக்கில் சிக்கி, பொத்தான் அழுந்தியபடி இருந்தால், அந்தக் காரின் பாட்டும் வழிகேட்டுச் சண்டையும் மாநிலம் முழுக்க ஒலிபரப்பாகும். அதற்கென்றே ரிப்பீட்டரில் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மூன்று நிமிடம். அதற்கு மேல் ஒரே குரல் நீண்டால் வாயை மூடிவிடும்.

பேட்டரிக் கணக்கு இதைவிடக் கொடுமை. சாதாரண ரிப்பீட்டர் ஒன்று சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது ஓர் ஆம்பியரும், பேசும்போது பத்து ஆம்பியரும் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி கேட்பதற்கு நான்கு நாளும் பேசுவதற்குப் பத்து மணி நேரமும் தாங்கும். தனியாக இருக்கும் ரிப்பீட்டர் தன் ஊர்க்காரர் பேசும்போது மட்டும்தான் பேசும். இணைக்கப்பட்டது, 24 ஊர்க்காரர்கள் பேசுவதையும் திருப்பிச் சொல்லித் தன் பேட்டரியைக் கரைக்கும். மின்சாரம் போன மலையில், அடுத்த மாவட்டத்தின் நலம் விசாரிப்புக்கு இந்த மாவட்டத்தின் பேட்டரி செலவாகும். அதனால்தான் அனுபவசாலிகள் இருளில் மூழ்கிய மலையை முதலில் வலையிலிருந்து கழற்றிவிட்டு, மணிக்கு ஒருமுறை மட்டும் சேர்த்து, மாவட்டத் தலைமைக்குச் செய்தி கொடுத்துவிட்டு மறுபடி கழற்றுவது நல்லது என்பார்கள்.

சுற்றுவழியும் ஒரு தொல்லை. ஒரு மலையும் அடுத்த மலையும் வானொலியால் இணைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இது தெரியாத நல்ல மனிதர் ஒருவர் இரண்டையும் இணையத்தாலும் இணைத்துவிடுகிறார். ஒரு வழியாகப் போன குரல் மறு வழியாகச் சற்றுப் பிந்தித் திரும்பி வரும். வந்தது மறுபடி போகும். சொன்ன 'ஹலோ'வே தன் வாலைக் கவ்விக்கொண்டு சுழலும். யாரும் பேச முடியாது. எவராவது ஒரு கண்ணியை வெட்டும்வரை அந்த 'ஹலோ' ஓயாது.

இன்னொன்று கேட்பதற்கு அற்பமாக இருக்கும்: தாமதம். பொத்தானை அழுத்தியதும் குரலோடு காதுக்குத் தெரியாத மெல்லிய ஒரு தாழ்சுரமும் கிளம்புகிறது. 67 முதல் 254 ஹெர்ட்ஸ் வரையிலான ஏதோ ஒன்று. அது நம் ஆள்தான் என்று அடையாளம் கண்ட பிறகே ரிப்பீட்டர் வாய் திறக்கும். அதற்கு ஒரு நொடியில் கொஞ்சம் போகும். அடுத்த மலைக்கும் அதே கொஞ்சம். ஐந்து மலை தாண்டும்போது முதல் ஒன்றிரண்டு சொற்கள் காணாமல் போயிருக்கும். ஆங்கிலத்தில் 'இல்லை', 'வேண்டாம்' எல்லாம் வாக்கியத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடும். தலை வெட்டுப்பட்டால் பொருளே தலைகீழாகும். தமிழில் நிலைமை வேறு. 'ஆக்சிஜன் வேண்டும்', 'ஆக்சிஜன் வேண்டாம்' இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி அசையில்தான் இருக்கிறது. பதற்றத்தில் இருப்பவர் சொல்லி முடிக்கும் முன்பே பொத்தானை விட்டுவிடுவார், வால் வெட்டுப்பட்டுவிடும். தமிழ் ஹாம் வலையில் தலைக்காகவும் காத்திருக்க வேண்டும், வாலுக்காகவும் காத்திருக்க வேண்டும். எண்களுக்குத் தலை முக்கியம்: 'இருநூற்று நாற்பது பேர்' என்பதில் முதல் சொல் போனால் மிஞ்சுவது நாற்பது சாப்பாட்டுப் பொட்டலம்.

ஹாம் பயிற்சிகளில் முதல் பாடமாகச் சொல்லித்தருவது இதனால்தான்: பொத்தானை அழுத்து, மூச்சு விடும் நேரம் நில், பிறகு பேசு, பேசி முடித்தும் மூச்சு விடும் நேரம் நில். அடுத்தவர் பேசி முடித்த உடனே பாயாமல் ஓர் இடைவெளி விடு. அவசரச் செய்தியோடு காத்திருப்பவர் நுழைய அந்த இடைவெளிதான் கதவு.

இவையெல்லாம் புயலன்று கற்றுக்கொள்ளக்கூடியவை இல்லை. அமெரிக்காவில் பல ஊர்களில் வாரம் ஒருநாள் இரவு, குறித்த நேரத்துக்கு, ஒரு வலை கூடுகிறது. புயலும் இருக்காது, வெள்ளமும் இருக்காது. நெட் கன்ட்ரோல் அழைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் படிப்பார். அவரவர் தன் பெயர், ஊர், 'செய்தி ஏதும் இல்லை' என்று சொல்லிவிட்டு நகர்வார். ஒருவர் கருவி கரகரக்கும். பக்கத்துத் தெரு ஆள் 'உங்கள் பேட்டரி இறங்கிவிட்டது' என்பார். ஒருவர் பேரனின் பிறந்தநாளைச் சொல்வார். கேட்பவருக்குக் கொட்டாவி வரும். நடுவில் இணைப்பைத் துண்டித்துப் பார்ப்பார்கள். அந்தந்த ஊர் தனியாக நிற்கிறதா, மறுபடி சேர்கிறதா, எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

முடியும்போது எல்லோரும் சொல்வது '73'. தந்தி யுகத்தில், விரல்கள் வலிக்காமல் 'அன்புடன்' என்று சொல்ல வைத்த எண் அது. ஹாம்கள் இன்றும் அதைச் சொல்லித்தான் விடைபெறுகிறார்கள். ஐ.ஆர்.எல்.பி. முறையில் இரண்டு ரிப்பீட்டர்களுக்கு நடுவே உள்ள இணைப்பைத் துண்டிக்கும் குறியும் 73தான். பட்டியல் முடிந்ததும் நெட் கன்ட்ரோல் மைக்கின் முகப்பில் உள்ள பொத்தான்களில் ஏழையும் மூன்றையும் அழுத்துகிறார். இரண்டு சிறு சுரங்கள் கேட்கின்றன. இணைப்பு கழன்றது என்று பெட்டி தானே அறிவிக்கிறது. மலைமேல் இருப்பது மறுபடி தன் பள்ளத்தாக்கை மட்டும் கேட்கத் தொடங்குகிறது.